தென்னாப்பிரிக்காவின் சல்டானா இராணுவ அகாடமியில் ஓராண்டு எப்படி ஓடும்?

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார்: "பையன் இந்த வருடம் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். படித்தால் சல்டானாவில் இருக்கும் மிலிட்டரி அகாடமியில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அங்கே வருடம் எப்போது தொடங்கும்? மற்ற யுனிவர்சிட்டி மாதிரி லீவு விடுவார்களா? தைப்பூசத்துக்கு அவன் பேரில் காவடி வேண்டுதல் இருக்கிறது, வர முடியுமா?"

அக்கா, நீங்கள் கேட்டது நான்கு வரி. பதில் நீளும், நிதானமாகப் படியுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கடற்படைச் சீருடையில் அங்கே மூன்று வருடம் படித்தேன். அப்புறம் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது டர்பனில் மியர்பேங்கில் இருக்கிறேன். நம் பிள்ளைகள் சிலருக்கு விண்ணப்பம் போட உதவியிருக்கிறேன். அதனால் பெற்றோர் எந்த இடத்தில் ஏமாந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் இராணுவ அகாடமி என்று தேடினால் வருவதெல்லாம் இந்தியாவின் கடக்வாஸ்லா பற்றியதுதான். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒரு தேர்வு எழுதி, நேர்காணலில் தேறி, நேராக அகாடமிக்குள் போகிறான். ஆறு ஆறு மாதமாக ஆறு பருவம், வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும், கோடை முழுக்கப் பயிற்சி. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் 44 வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும், அது பட்டப்படிப்பே கிடையாது. உங்கள் பையன் யூடியூபில் பார்த்தது இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். நம் நாட்டு முறை வேறு. அந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு சல்டானாவைப் புரிந்துகொள்ள முடியாது.

நம் அகாடமி 1950 ஏப்ரல் 1 அன்று பிரிட்டோரியா பக்கம் தொடங்கியது. பிறகு மேற்குக் கடற்கரையில் சல்டானாவுக்கு வந்தது. 1961 முதல் அது ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஒரு புலம், அதாவது இராணுவ அறிவியல் புலம். இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கும். உங்கள் மகன் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுப் பிள்ளை. பாடம், தேர்வு, மதிப்பெண், பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துடையது. சாப்பாடு, படுக்கை, சீருடை, சம்பளம், விடுப்பு எல்லாம் தேசியப் பாதுகாப்புப் படையுடையது. பல்கலைக்கழகப் பக்கம் ஒரு டீன், இராணுவப் பக்கம் ஒரு கமாண்டன்ட். இரண்டு பேரிடமும் ஆளுக்கு ஒரு நாள்காட்டி. மாணவன் இரண்டுக்கும் நடுவில் நிற்பான்.

டீன் அலுவலகம் விடுமுறை என்று அச்சடித்த வாரம் உங்கள் மகனுக்கு விடுமுறை ஆகாது. அதைக் கமாண்டன்ட் பக்கம்தான் தர வேண்டும். அதே மாதிரி, இராணுவப் பக்கம் எத்தனை வேலை கொடுத்திருந்தாலும் ஜூன் தேர்வு தள்ளிப் போகாது. வகுப்பு எடுக்கும் பேராசிரியர் லீவு தர முடியாது, லீவு தரும் அதிகாரி பரீட்சையை மாற்ற முடியாது. முதல் வருடப் பிள்ளைகள் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். பாடம் கடினம் என்பது அதற்கு அப்புறம்தான்.

சரி, வருடம் எப்போது தொடங்குகிறது? காகிதத்தில் பிப்ரவரி. உங்கள் பையனுக்கோ அது ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே தொடங்கிவிடும். மெட்ரிக் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சல்டானா வாசலில் போய் நிற்க முடியாது. முதலில் தரைப்படை, விமானப்படை, கடற்படை, இராணுவ மருத்துவச் சேவை என்ற நான்கில் ஒன்றில் சேர வேண்டும். இப்போதைய பொதுவான வழி, 2003இல் வந்த இராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டம். எல்லாரும் எம்எஸ்டிஎஸ் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். வயது 18 முதல் 22 வரை, பட்டம் முடித்தவர்களுக்கு 26 வரை. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது, குற்றப் பதிவு இருக்கக் கூடாது. உளவியல் தேர்வு, உடல் தகுதி, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் தாண்டினால் ஜனவரியில் கூப்பிடுவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: விண்ணப்பத்துக்கு யாரும் ஒரு ரேண்ட் கூட வாங்கக் கூடாது. ஆளைத் தெரியும், ஆயிரம் ரேண்ட் கொடுத்தால் உள்ளே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. நம் பேட்டையில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரியில் போனால் அடிப்படைப் பயிற்சி. தரைப்படை என்றால் கிம்பர்லி மாதிரி ஓர் இடம். கடற்படை என்றால் அதே சல்டானா ஊரில் இருக்கும் கடற்படைப் பயிற்சித் தளம். ஊர் ஒன்றுதான், ஆனால் அது அகாடமி இல்லை, வேறு வாசல். அதை முடித்து, அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகி, அவனுடைய படையே இவனைப் படிக்க அனுப்பலாம் என்று முன்மொழிந்து, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகுதியும் இருந்தால்தான் அகாடமி. அதனால் மெட்ரிக் மதிப்பெண் இப்போதே முக்கியம். பட்டப்படிப்புக்கான தேர்ச்சி வேண்டும், அதாவது நான்கு பாடங்களில் 50 சதவீதத்துக்குக் குறையாமல். தொழில்நுட்பப் பக்கம் போக ஆசை என்றால் முழுக் கணிதம் எடுத்திருக்க வேண்டும், எளிய கணிதம் போதாது. பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது சுலபம் என்று எளிய கணிதத்துக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கும். அந்தக் கதவு பதினைந்து வயதிலேயே மூடிவிடுகிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்போது அகாடமிக்குள் வருவோம்.

பல்கலைக்கழகத்தின் முதல் அரையாண்டு பிப்ரவரியில் தொடங்கும். புதியவர்களுக்கு அதற்கு முன்பே வேலை இருக்கும்: பதிவு, பாடத்தேர்வு, நூலகம், கணினி, கூடவே டிரில், இன்ஸ்பெக்ஷன். வகுப்பு ஆரம்பித்துச் சில நாள் ஆவதற்குள் பிப்ரவரி 21 வரும். அது நம் நாட்டின் ஆயுதப்படை நாள். 1917இல் எஸ்எஸ் மெண்டி கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கி அறுநூறுக்கு மேற்பட்ட நம் நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், இறந்து போன நாள். புதிதாக வந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்த முதல் மாதத்திலேயே அந்த நினைவு வருவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பட்டத்தின் பெயர் இராணுவவியல் இளங்கலை, பேச்சில் பிமில். மூன்று வருடம். பாடத்தொகுப்புகள் பல: தொழில்நுட்பம், பாதுகாப்பும் ஆப்பிரிக்கவியலும், நிறுவன வள மேலாண்மை, மனிதவளம் என்று. கணிதம், இயற்பியல், கடலோட்டவியல், இராணுவ வரலாறு, இராணுவப் புவியியல், அரசியல், பொருளியல், தொழில் உளவியல், சட்டம், இப்படிப் பாடங்கள். வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல நாள் முழுக்கத் துப்பாக்கி பிடிப்பது இல்லை. கையில் அதிகம் இருப்பது பேனாதான்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் நாட்டில் மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட். வருடத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு: வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் சேர்த்து. ஆக வருடத்துக்கு 1,200 மணி. வகுப்பு நடக்கும் வாரமும் தேர்வு வாரமும் சேர்ந்து முப்பதுக்குச் சற்று மேல் வரும். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு நாற்பது மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே ஒரு முழுநேர வேலை. டர்பனில் குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளலாம். சல்டானாவில் இந்த நாற்பது மணிக்கு மேலே பிடி (உடற்பயிற்சி), டிரில், அறைச் சுத்தம், சீருடை, காவல் முறை, விளையாட்டு. புதன் மதியம் விளையாட்டுக்கு என்பது நம் படைகளில் பழைய வழக்கம், அதற்கும் போயாக வேண்டும். படிப்புக்கு மிஞ்சுவது இரவுதான்.

ஒரு நாளை மட்டும் காட்டுகிறேன். முதல் வருட மே மாதம், பொருளியல் சோதனைக்கு முந்தின இரவு. எனக்கு இரண்டிலிருந்து நான்கு வரை காவல் முறை. சல்டானாவில் காற்று என்றால் டர்பன் காற்று இல்லை அக்கா, குளிர்ந்த கடலிலிருந்து நேராக வந்து காதுக்குள் நுழையும். கோட்டுப் பையில் ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தேன், தேவை வளைவும் அளிப்பு வளைவும் வரைந்த தாள். காவலில் நிற்கும்போது அதை எடுத்துப் படிக்கக் கூடாது, எடுக்கவும் இல்லை. ஆனால் பைக்குள் கைவிட்டு அந்த மடிப்பைத் தொட்டுத் தொட்டு, எந்த மடிப்பில் எந்தப் படம் என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு நின்றேன். நான்கு மணிக்கு ஆள் மாறினார்கள். ஒரு மணி நேரம் படுத்தேன். ஐந்தரைக்குப் பிடி. ஏழு மணிக்கு மெஸ், எட்டுக்குள் வகுப்பு வாசலில் வரிசை. சோதனைத் தாளில் இரண்டாவது கேள்வியே அந்த வளைவுகள்தான். அன்று வாங்கிய 68 மதிப்பெண் பிற்பாடு வாங்கிய பெரிய மதிப்பெண்களை விட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

காவல் இருந்தேன் என்பதற்காக யாரும் சோதனையைத் தள்ளி வைக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவ அதிகாரியிடம் முறையாகக் காட்டி எழுத்து வாங்க வேண்டும், வாய்ச் சொல் செல்லாது.

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஈஸ்டரை ஒட்டி ஒரு சிறிய இடைவெளி வரும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா, மவுண்ட் எட்ஜ்கூம் தீமிதி எல்லாம் அந்த நாட்களில்தான், உங்களுக்கே தெரியும். பாஸ், அதாவது வெளியே போக அனுமதிச் சீட்டு, கிடைத்தால் அதற்குப் பிள்ளைகள் வரலாம். ஆனால் டர்பனிலிருந்து சல்டானா ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போய் வரவே மூன்று நாள் கரையும். என் கூடப் படித்த கேப் டவுன் பையன்கள் வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவார்கள், அவர்களுக்கு அது ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம். நடால் பிள்ளைகளுக்கு வார இறுதிப் பாஸ் கையில் இருந்தும் போக இடம் இருக்காது. முதல் வருடத்தில் அது மனத்தை அரிக்கும். உங்கள் பையன் ஃபோனில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே நடுவில் வகுப்பு முடிந்து தேர்வு தொடங்கும், ஜூனில் முடியும். இங்கே இன்னொரு சங்கதி. நம் ஊரில் மழை கோடையில், ஜூன் என்றால் பளிச்சென்று வெயிலும் இதமான குளிரும். அங்கே தலைகீழ். மேற்குக் கேப்பில் மழை குளிர்காலத்தில். நனைந்த சப்பாத்தும் காயாத சட்டையுமாகத் தேர்வு எழுதுவது நம் பிள்ளைகளுக்குப் புதிது. ஒன்றுக்கு இரண்டாகக் கம்பளி உள்ளாடை வாங்கிக் கொடுங்கள்.

மதிப்பெண் முறையையும் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி 50, சிறப்புத் தேர்ச்சி 75. வழக்கமான தேர்வு முறையில் நடக்கும் பாடங்களில் வருடம் முழுக்க எழுதிய சோதனை, கட்டுரைகளை வைத்து ஒரு வகுப்பு மதிப்பெண் போடுவார்கள். அது 40க்குக் கீழே போனால் இறுதித் தேர்வு எழுதவே விட மாட்டார்கள். தொடர் மதிப்பீட்டில் நடக்கும் பாடங்களும் உண்டு, அதில் ஒரே பெரிய தேர்வு இல்லை, வாரா வாரம் சுமை. கடைசி ஒரு வாரம் விழித்திருந்து படித்துத் தேறிவிடலாம் என்று மெட்ரிக்கில் பழகின பிள்ளைகள் இந்த 40இல் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதச் சோதனையை அலட்சியம் செய்தவனுக்கு அக்டோபரில்தான் அதன் விலை தெரியும்.

தொடர்ந்து தோற்றால்? மற்றப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி மறுபடி எழுதலாம். இங்கே படை அவனைச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிறது, அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு வாழ்க்கை முடிந்துவிடாது, வேலை இருக்கும், பிற்பாடு தொலைநிலையில் அதே புலத்தில் படிக்கவும் வழி உண்டு. ஆனால் அந்தத் திரும்பிப் போகும் பயணம் கனமானது. என் பக்கத்து அறைப் பையன் ஒருவன் இரண்டாம் வருட நடுவில் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் கட்டிலில் மெத்தையை மடித்து வைத்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, இன்ஸ்பெக்ஷனுக்கு வைப்பது போல அவ்வளவு ஒழுங்காக.

ஜூன் தேர்வுக்கும் ஜூலைக் கடைசியில் தொடங்கும் இரண்டாம் அரையாண்டுக்கும் நடுவில் சில வாரம் இருக்கும். பல்கலைக்கழக நாள்காட்டியைப் பார்த்து, ஆஹா ஒரு மாதம் என்று விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மாணவன் படை உறுப்பினன், அவனுக்கு வருடாந்திர விடுப்பு இத்தனை நாள் என்று உண்டு, படிவம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கித்தான் வர வேண்டும். மிச்ச நாளில் அவனுடைய படை அவனைப் பயிற்சிக்கோ வேலைக்கோ கூப்பிட்டுக்கொள்ளலாம். வருடத்தின் இரண்டு பெரிய இடைவெளிகளும், நடுவில் வருவதும் டிசம்பர்–ஜனவரியும், இப்படித்தான் பாதி வீட்டுக்கும் பாதி படைக்குமாகப் போகும். ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே டிக்கெட். இதை மட்டும் மறக்காதீர்கள், நிறையக் குடும்பம் பணத்தை இழந்தது இதில்தான்.

இரண்டாம் அரையாண்டு எனக்குப் பிடித்தது. ஆகஸ்ட் செப்டம்பரில் மழை ஓய்ந்து மேற்குக் கடற்கரை முழுக்கக் காட்டுப் பூ பூக்கும், லாங்கபான் ஏரிப் பக்கம் போஸ்ட்பெர்கில் தரையே தெரியாது. அதைப் பார்க்கவே ஜனங்கள் கேப் டவுனிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். செப்டம்பரில் ஒரு வாரம் போல இடைவெளி. அந்த நேரம்தான் நமக்குப் புரட்டாசியும் தொடங்கும்.

புரட்டாசி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். மெஸ்ஸில் மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் தருவார்கள். படைகளின் சமயச் சேவையில் இந்துச் சமயகுருமாரும் உண்டு, தயங்காமல் கேட்கலாம். ஆனால் வீட்டுச் சாப்பாடாக இருக்காது. என் முதல் புரட்டாசியில் தட்டில் வந்தது வேகவைத்த முட்டைக்கோஸ், இனிப்புப் போட்ட பூசணி, சாம்பும் (உடைத்த சோளம்) பீன்ஸும். அம்மா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாங்கின மசாலாத் தூளை ஒரு காப்பி டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி நான்கு தடவை டேப் ஒட்டி அனுப்பியிருந்தார். அதைப் பீன்ஸ் மேல் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த லிம்போப்போ மாகாணப் பையன் ஒரு சிட்டிகை கேட்டான். வாரம் முடிவதற்குள் மேசையில் ஆறு பேரும் அந்த டப்பாவைத் தேடினார்கள். அம்மா அப்புறம் பெரிய டப்பாவாக அனுப்ப ஆரம்பித்தார்.

தீபாவளி நம் நாட்டில் பொது விடுமுறை இல்லை. அது விழும் அக்டோபர், நவம்பரில்தான் வகுப்பு முடிந்து இறுதித் தேர்வு தொடங்குகிறது. மூன்று வருடமும் நான் தீபாவளிக்கு வீட்டில் இல்லை. விளக்கு ஏற்றினேன், ஃபோன் பேசினேன், மறுபடி புத்தகத்தை எடுத்தேன். உங்கள் பையனுக்கும் அப்படித்தான் இருக்கும், இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் தேர்வோடு வகுப்பு வருடம் முடியும். மூன்றாம் வருடக்காரர்களுக்குப் பட்டம். சான்றிதழில் இருப்பது ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் பெயர். எந்த வேலைக்குப் போனாலும் அது மற்ற மூன்று வருடப் பட்டத்துக்குச் சமம், மேலே முதுகலை, முனைவர் வரை போகலாம். படித்து முடித்ததும் வெளியே வந்துவிட முடியாது. படிக்க வைத்ததற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் படையில் சேவை செய்ய வேண்டும். எத்தனை வருடம் என்பது அவன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை நீங்களும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் யாரும் அதை வாசிப்பதில்லை.

இதை எழுதும்போது என் மாமா நினைவு வருகிறது. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவு இருக்கிறதே, அங்கே பழைய கடற்படைக் கொட்டகைகளில்தான் 1961இல் இந்தியருக்கென்று தனியாகப் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். மாமா அங்கே படித்தார். வேறு பல்கலைக்கழகத்தில் படிக்க இந்தியப் பிள்ளைக்குத் தனி அனுமதி வேண்டிய காலம். கல்லூரி வெஸ்ட்வில்லுக்குப் போனபின், எழுபதுகளின் நடுவில் அதே தீவில் இந்தியருக்கென்று தனியாக ஒரு படைப்பயிற்சித் தளம், ஜல்சேனா என்று பெயர் வைத்து நடத்தினார்கள். படிப்புக்கும் ஒரு மூலை, படைக்கும் அதே மூலை. நான் சல்டானாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது மாமா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "எல்லாரும் ஒரே வகுப்பிலா உட்காருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். அந்தக் கேள்விக்காகவே உங்கள் பையன் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன் அக்கா.

கடைசியாகக் காவடி. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். ஜனவரி இன்டேக்கில் அடிப்படைப் பயிற்சிக்குப் போனவனை முதல் சில வாரம் வெளியே விடவே மாட்டார்கள், அந்த வருடம் நிச்சயமாக முடியாது. அகாடமிக்குப் போன பிறகும், தைப்பூசம் பிப்ரவரியில் விழுந்தால் வகுப்பு தொடங்கியிருக்கும். ஜனவரியில் விழுந்து அவன் விடுப்பும் அப்போது இருந்தால் வரலாம், அதை நம்பி வேண்டுதல் வைக்க முடியாது. பங்குனி உத்திரம் ஈஸ்டரை ஒட்டி வரும் வருடங்கள் உண்டு, அதற்குப் பாஸ் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட நல்ல வழி, இந்தத் தைப்பூசத்துக்கே, அவன் வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். கூப்பிடும் தேதிக்கு முன்னால் தைப்பூசம் வராவிட்டால் பூசாரியிடம் போய்ப் பேசுங்கள். என் விஷயத்தில் எங்கள் கோவில் பூசாரி, அவன் பேரில் அப்பா எடுக்கட்டும், பையன் திரும்பி வந்த வருடம் அவனே எடுக்கட்டும் என்றார். அப்பா இரண்டு வருடம் எடுத்தார். மூன்றாம் வருடம் தைப்பூசம் என் விடுப்புக்குள் விழுந்தது, நானே எடுத்தேன்.